ஜன்னலுக்கு வெளியே ஒரு தொப்பி

லோயர் பே, பெக்குவே தீவு, கரீபியன்
1995 அக்டோபர் 15, ஞாயிறு

அயாந்தி,

இது நான்தான். அத்னீல். உன் புருஷன். என் கையால் எழுதுகிறேன். ஓர்டீலியா எழுதவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் எழுத்தைப் பார். ஓர்டீலியாவின் எழுத்து மழையில் மாட்டிய கோழி மாதிரி ஓடும். என் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது, பிரசங்கம் முடியட்டும் என்று சர்ச்சுக்கு வெளியே நிற்கிற ஆம்பிளைகள் மாதிரி.

காலையில் ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இப்போது ஆடு மறுபடி கத்துகிறது. அதற்குள் இவ்வளவுதான் ஆகியிருக்கிறது. ஆனாலும் என்ன சந்தோஷம்! நான் ஒரு சொல்லை நினைக்கிறேன், அது கைவழியாக இறங்கித் தாளில் உட்கார்ந்துகொள்கிறது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அங்கேயே இருக்கிறது.

ஈஸ்டரிலிருந்து பள்ளிக்கூடம் போகிறேன். நடுவில் தோற்றுப்போனால் உனக்குத் தெரியவேண்டாம் என்று ஓர்டீலியாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவள் வாழ்க்கையில் காப்பாற்றிய முதல் சத்தியம் அதுதான். சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு அவர்கள் அறையில்தான் எங்களுக்கு வகுப்பு. பெர்ல் டீச்சர் சொல்லித்தருகிறார். பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடுகிறது. ஒரு பெஞ்சை உடைத்துவிட்டேன். நானே ஆணி அடித்துச் சரிசெய்தும் கொடுத்தேன்.

ஏன் போனேன் என்று கேள். நீ போய்ப் பதினோரு வருடமாக உன் கடிதத்தை ஓர்டீலியா தன் கடை வாசலில் நின்று படிப்பாள். என் கூட்டாளி பாய்சி கேட்பான். ரொட்டி வாங்க வந்தவர்கள் கேட்பார்கள். "நான் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருக்க ஜெபிக்கிறேன். கூரையில் ஒழுகுகிறதா." முடிந்தது. "அவ்வளவுதானா?" என்று நான் கேட்பேன். "அவ்வளவுதான்யா இருக்கு. என்ன, உன் பொண்டாட்டி குடுக்கிற முத்தத்தையும் நான்தான் படிச்சுக் குடுக்கணுமா?" என்பாள். கடையே சிரிக்கும். டெலிபோனும் அவள் கடையில்தான் இருக்கிறது. அதிலும் இதே கதைதான்.

எனக்கு ஒரு சந்தேகம். உனக்குள் அதைவிட அதிகம் இருக்கும். இனிமேல் உன் கடிதத்தை நான் மட்டும்தான் படிப்பேன். எதை வேண்டுமானாலும் எழுது.

ஒரு கேள்வி. நீ பார்த்துக்கொள்கிற அந்தப் பையன் பள்ளிக்கூடம் போனதும் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். எப்போது போகிறான்?

கை வலிக்கிறது. நல்ல வலி.

அத்னீல்


புரூக்ளின்
நியூயார்க்
1995 நவம்பர் 4

கிழவா,

உறைமேல் தெரியாத கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உன்னையும் பாய்சியையும் ஓர்டீலியாவையும் மூன்று பேரையுமே மனதுக்குள் புதைத்துவிட்டுத்தான் உறையைப் பிரித்தேன். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன். தள்ளுவண்டியில் இருந்த பையன் என்னையே பார்த்துவிட்டு, கையிலிருந்த பாதி பிஸ்கட்டை என் வாய்க்குள் திணித்தான்.

எதை வேண்டுமானாலும் எழுது என்கிறாய். பதினோரு வருடமாக நான் ஓர்டீலியாவுக்குத்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் உறைக்கிறது. உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்று எழுதுகிறேன். இங்கே குளிர் ஆரம்பித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது உன் முதுகு. ரொட்டி வெந்த அடுப்பு மாதிரி சூடாக இருக்கும். என் அறைச் சுவரில் சூட்டுக்குழாய் ஒன்று ஓடுகிறது. அதைத் தொட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். இதை ஓர்டீலியா கடை வாசலில் நின்று படிப்பதை நினைத்துப் பார்!

பையன் பெயர் மைலோ. டிசம்பரில் இரண்டு வயது. தினமும் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் என் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சோபாவுக்கு அடியில் ஒளித்துவைப்பான். பை இல்லாமல் நான் வீட்டுக்குப் போகமாட்டேன் என்பது அவன் கணக்கு.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். இந்தத் தெருவிலேயே ஒரு நர்சரி இருக்கிறது. வருகிற செப்டம்பரில் சேர்க்கலாம். அப்போது அவனுக்கு இரண்டே முக்கால் வயது இருக்கும். இல்லையென்றால் அதற்கடுத்த செப்டம்பர்வரை என்னோடு வீட்டில் இருக்கலாம். அவன் அம்மா ரூத் வக்கீல். கோர்ட்டில் எல்லோரையும் மடக்கிவிடுவாளாம். இதில் மட்டும் என்னிடம் வந்து நிற்கிறாள். "நீங்கதான் சொல்லணும் அயாந்தி. எங்களைவிட உங்களுக்குத்தான் அவனை நல்லாத் தெரியும். அவன் தயாரா?"

பூங்காவில் இதைச் சொன்னேன். பிள்ளை பார்க்கிற எங்கள் ஆட்கள் எல்லாம் தள்ளுவண்டிகளைக் கப்பல் மாதிரி வரிசையாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். டிரினிடாட்காரி மார்வா பாய்ந்து வந்தாள். "வாயைத் தொறக்காத! 'பாவம், இன்னும் பச்சப்புள்ள'ன்னு சொல்லு. உக்காந்திருக்கிற கிளையையே வெட்டுவியா நீ?" கிரெனடாக்காரி செலஸ்டீன் சிரித்தாள். "ரெண்டு வயசுல எங்க ஊருப் புள்ள கோழிக்குத் தீனி போடும். இது இன்னும் வண்டியில கால் ஆட்டிக்கிட்டு வருது."

நான் மைலோவின் மூக்கைத் துடைத்தேன். உனக்குத் தெரியும், என் விசா எப்போதோ முடிந்துவிட்டது. இங்கிருந்து ஒருமுறை கிளம்பினால் திரும்ப உள்ளே வரமுடியாது. போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவது என்பதெல்லாம் எனக்கில்லை. போனால் போனதுதான். மைலோவைத் திரும்பப் பார்க்கமுடியாது.

கிறிஸ்துமஸுக்குள் ரூத்துக்குப் பதில் சொல்லவேண்டும்.

அயாந்தி


லோயர் பே
1995 நவம்பர் 26

அயாந்தி,

என் முதுகைப் பற்றிப் படித்தேன். நாலு தடவை படித்தேன். அப்புறம் கடைக்குப் போனேன். "என்ன எழுதியிருக்கா?" என்றாள் ஓர்டீலியா. "சௌக்கியமாம்" என்றேன். "வேற?" "கூரையில ஒழுகுதான்னு கேக்கிறா." அவளுக்கு நம்பிக்கை இல்லை. "அப்புறம் ஏன்யா உன் காது சிவந்திருக்கு?" என்றாள். நான் உப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உப்பு வீட்டில் நிறைய இருந்தது.

பையனை உடனே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. செப்டம்பர்வரை எதற்கு? நாளைக்கே அனுப்பு. பாலில் கலக்கிக் குடிக்கிற மைலோ மாவின் பெயரை வைத்திருக்கிறார்களே, அதற்காகவாவது அவன் சீக்கிரம் படித்துக்கொள்ளட்டும்!

பள்ளிக்கூடம் எவ்வளவு நல்லது தெரியுமா? நான் இப்போது நடக்கிற வழியெல்லாம் பேச்சாக இருக்கிறது. முன்பு மாவு மூட்டை வெறும் மூட்டை. இப்போது அது தன் பெயரைச் சொல்கிறது. ஈரமில்லாத இடத்தில் வை என்கிறது. படகுகள் பெயரைச் சொல்கின்றன. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை நேராகப் பிடிக்கிறேன். பத்து வருடமாகத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். பாய்சிக்கு அது தெரியுமாம். "அழகா இருந்துச்சு, அதனால சொல்லல" என்கிறான்.

போன வாரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் அப்பாவின் கல்லில் இருந்ததைப் படித்தேன். பெயரும் வருடமும்தான். ஆனால் அவரோடு பேசிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

ஜன்னல் கதவுகளுக்கு நீல வர்ணம் அடித்துவிட்டேன். படுக்கையில் உன் பக்கத்துப் பலகை ஆடிக்கொண்டிருந்தது, அதையும் சரிசெய்தேன். ரூத்திடம் சொல்: தயார்.

அத்னீல்


புரூக்ளின்
1995 டிசம்பர் 14

கிழவா,

உனக்குச் சாமான் நிரப்பிய பீப்பாய் கப்பலில் ஏறிவிட்டது. அரிசி, எண்ணெய், உனக்கு இரண்டு சட்டை, பாய்சிக்கு ஒரு கத்தி. அடியில் கோடு போட்ட நோட்டுகளும் பேனாக்களும் வைத்திருக்கிறேன். ஓர்டீலியாவுக்கு ஒரு சென்ட் பாட்டில். அவளை நினைத்தால் இரக்கமாகத்தான் இருக்கிறது. நம்மால் அவள் பிழைப்பில் பாதி போய்விட்டது.

இனி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ரூத்திடம் இந்த வருடம் வேண்டாம் என்றேன்.

நர்சரியைப் பார்த்துவர மைலோவை அழைத்துப்போனோம். கட்டைகள், வர்ணங்கள், ஒரு தொட்டி நிறைய மணல். மற்ற பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். இவன் மேசைக்கு அடியில் போய் என் செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அழவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தான். ரூத் குனிந்து கூப்பிட்டாள், வரவில்லை. ஆசிரியை குனிந்து கூப்பிட்டாள், வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு ரூத், "சொல்லுங்க" என்றாள். நான், "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்றேன். அவள் முகத்தில் நிம்மதியா கவலையா, எனக்குப் புரியவில்லை.

கோபப்படாதே. அந்தப் பிடியை நீ பார்க்கவில்லை.

உன் ஜன்னல் நீலத்தை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அயாந்தி


லோயர் பே
1996 ஜனவரி 10

அயாந்தி,

சட்டை பொருந்துகிறது. பாய்சி கத்திக்கு நன்றி சொல்லச் சொன்னான்.

கூரை போடப் பணம் சேர்க்க நீ போனாய். போய் இரண்டாம் வருடமே கூரை போட்டுவிட்டோம். அப்போது நீ பார்த்துக்கொள்ள இரட்டைப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அதுங்க பள்ளிக்கூடம் போகட்டும் என்றாய். போனார்கள். பிறகு ஜூலியன் என்று ஒருவன். அவனும் போகட்டும் என்றாய். போனான். இப்போது மைலோ. மைலோவுக்குப் பிறகு யார்? பெயர் வைத்துவிட்டார்களா?

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு மேசைக்கு அடியில் அவன் உன் செருப்பைப் பிடித்திருந்தானா, நீ அவன் செருப்பைப் பிடித்திருந்தாயா?

எழுதக் கற்றுக்கொண்டால் நல்ல கடிதம் மட்டும்தான் எழுதுவேன் என்று நினைத்திருந்தேன்.

அத்னீல்


புரூக்ளின்
1996 பிப்ரவரி 4

அத்னீல்,

அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். உன் கையெழுத்து. கிழிக்கமுடியவில்லை. ஓர்டீலியா எழுதியிருந்தால் கிழித்திருப்பேன்.

அதற்கப்புறம் நீ எழுதவேயில்லை. நானே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை கடைத்தெருவில் ஹானாவைப் பார்த்தேன், இரட்டையரில் மூத்தவள். பத்து வயது. தோழிகளோடு வந்தாள். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து என் தோளில் தூங்கியவள். காய்ச்சலில் என் பெயரைத்தான் சொல்லிக் கத்துவாள். நான் கையைத் தூக்கினேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹலோ" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "யாருடி அது?" என்று ஒரு தோழி கேட்டது காதில் விழுந்தது. "சின்ன வயசுல எங்க வீட்ல இருந்தாங்க."

பொய் இல்லை. அங்கேதான் இருந்தேன்.

நீ கேட்டது சரி. யார் யாருடைய செருப்பைப் பிடித்திருந்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் இப்போது என்னை நானே நம்பமுடியவில்லை. "போகட்டும்" என்றால், உன்னிடம் வருவதற்காக அவனைத் தள்ளிவிடுகிறேனோ என்று பயம். "வேண்டாம்" என்றால், என் மடி காலியாகக்கூடாது என்று அவனைக் கட்டிவைக்கிறேனோ என்று பயம்.

ரூத் இன்னும் முடிவு செய்யவில்லை. நர்சரியில் இடத்தை மார்ச் கடைசிவரை பிடித்து வைத்திருக்கிறார்கள். நான் "வேண்டாம்" சொன்னதை அவள் முழுசாக நம்பவில்லை என்று நினைக்கிறேன். வக்கீல் அல்லவா.

இப்போது நீ சொல். முதல் நாள் பள்ளிக்கூடம் போனதை மறக்காமல் வைத்திருப்பவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் சின்ன வயதில் போய் மறந்துவிட்டோம். அங்கே உள்ளே போவது எப்படி இருந்தது? எப்போது ஒருவன் தயார்? நான் வரவேண்டும் என்பதற்காகச் சொல்லாதே. உண்மையைச் சொல்.

அயாந்தி


லோயர் பே
1996 பிப்ரவரி 25

அயாந்தி,

உன் கடிதம் வந்தபிறகு உடனே எழுதத் தொடங்கினேன். "அனுப்பு" என்று எழுதினேன். அது உனக்கு எழுதியது இல்லை, எனக்கு எழுதியது. அடுப்பில் போட்டுவிட்டேன். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் நாள் நான் உள்ளே போகவில்லை. பெர்ல் டீச்சர் கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் எதிரே ரொட்டிப்பலா மரத்தடியில் நின்றேன். கையில் ஒரு கயிறு வைத்திருந்தேன். யாராவது கேட்டால் ஆட்டைத் தேடுகிறேன் என்று சொல்வதற்கு. எனக்கு வயது அறுபத்தெட்டு. படகுக்குள் விழுந்த சுறாவின் வாலைப் பிடித்து வெளியே எறிந்தவன். பென்சிலுக்குப் பயந்து நின்றேன்.

பாய்சி வந்தான். "என்னடா, உன் ஆடு பள்ளிக்கூடத்துல சேந்துடுச்சா?" என்றான்.

நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

"உள்ள போ. நான் இங்கயே இருக்கேன்."

"நீ எதுக்கு?"

"நீ அழுதா பாக்கணும்ல?"

உள்ளே போனேன். அவன் ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் உட்கார்ந்தான். எனக்கு அவன் தொப்பி மட்டும் தெரியும், எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பழைய வைக்கோல் தொப்பி. நான் ஒரு எழுத்தைப் போடுவேன், நிமிர்ந்து பார்ப்பேன். தொப்பி இருக்கும். மறுபடி ஒரு எழுத்து. நிமிர்ந்து பார்ப்பேன். பெர்ல் டீச்சர், "தொப்பியைப் பாத்தா எழுத்து வராது மிஸ்டர் அத்னீல்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெளியே தொப்பியும் சிரித்தது. ஆனால் தொப்பி இல்லாமல் எனக்கு ஓடவில்லை. பாய்சி ஒரு வகுப்பு விடாமல் வந்தான். திட்டிக்கொண்டேதான் வந்தான்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை உன் பெயரை எழுதக் கேட்டேன். டீச்சர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். நான் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். முதலில் கோணல். மறுபடி எழுதினேன். ஒரு எழுத்து கொஞ்சம் வயிறு பெருத்துவிட்டது. மறுபடி எழுதினேன். கடைசியில் நேராக வந்தது. நீ சர்ச்சுக்குப் போக நிற்கிற மாதிரி நேராக. அதைப் பாய்சியிடம் காட்ட நிமிர்ந்தேன். தொப்பி இல்லை. கரையில் மீன் கூட்டம் வந்து எல்லோரும் வலை இழுக்கப் போயிருக்கிறார்கள். சங்கு ஊதினார்களாம். ஊரே ஓடியிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. அவன் எப்போது போனான் என்றே எனக்குத் தெரியாது.

அன்றைக்குத்தான் நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன் அயாந்தி. அதற்கு முன்பெல்லாம் வெறுமனே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் இரண்டே முக்கால் வயதா, மூன்றே முக்கால் வயதா என்று என்னைக் கேட்காதே. வயதில் இல்லை. அவனைக் கூட்டிப்போ. அவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார். அவன் பார்க்கும்போதெல்லாம் அங்கே இரு. நிமிர்ந்து பார்க்க எப்போது மறக்கிறானோ அப்போது அவன் தயார். மறக்கவேயில்லை என்றால் வீட்டுக்குத் தூக்கிவந்துவிடு. இன்னும் ஒரு வருடம் அவனோடு இரு. நான் காத்திருப்பேன். எனக்குத்தான் இப்போது படிக்க நிறைய இருக்கிறதே.

இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் கேட்டாய், சொல்லிவிட்டேன்.

போன மாதக் கடிதத்துக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் செருப்பைப் பற்றிக் கேட்டதற்கு இல்லை.

அத்னீல்


புரூக்ளின்
1996 செப்டம்பர் 29

கிழவா,

கோடை முழுவதும் நாம் மழையையும் ஆட்டையும் மட்டுமே எழுதிக்கொண்டிருந்தோம். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உன் தொப்பிக் கடிதம் வந்ததும், மார்ச்சிலேயே ரூத்திடம் சேர்த்துப் பார்க்கலாம் என்றேன்.

முதலில் கசப்பு. அங்கே பள்ளிக்கூடம் என்றால் மூன்று மணிவரை. இங்கே இந்த நர்சரி காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை. அவ்வளவுதான். இரட்டையரும் ஜூலியனும் நேரே பெரிய பள்ளிக்குப் போனவர்கள், அதனால் நானும் முழுநாள் என்றே நினைத்திருந்தேன். ஜூன் மாதம் ரூத் சொன்னபோதுதான் தெரிந்தது. "காலையில ரெண்டரை மணிநேரம்தானே? மத்தியானம் சாப்பாடு, தூக்கம், பூங்கா எல்லாத்துக்கும் நீங்கதான் வேணும். இன்னும் ரெண்டு வருஷமாவது." எனக்கு உள்ளே சிரிப்பு வந்தது. நாம் இரண்டுபேரும் கடல் தாண்டிச் சண்டை போட்டது இந்த இரண்டரை மணிநேரத்துக்குத்தானா! உன் நீல ஜன்னலை நினைத்தேன். எழுதக் கை வரவில்லை.

செப்டம்பரில் அவனைச் சேர்த்தோம். நம் தீவு ஆட்கள் தெருவில் ஆடிப்போகிற கார்னிவல் முடிந்த அடுத்த நாள். கால் வலியோடு போனேன். கூட்டிவருகிறவர்கள் முதல் வாரம் உள்ளேயே ஒரு சின்ன நாற்காலியில் உட்காரலாம், அது அவர்கள் வழக்கம். "எப்ப வேணா போங்க, ஆனா அவன்கிட்ட சொல்லிட்டுப் போங்க. நைசா நழுவிடாதீங்க" என்றாள் ஆசிரியை. நான் அவளிடம் உன் யோசனையைச் சொன்னேன். அவள் ஜன்னல் திரையை முழுவதும் விலக்கிவிட்டாள்.

எதிரே ஒரு சலவைக்கடை. வாசலில் ஒரு பெஞ்ச். கார்னிவலில் மார்வா வாங்கிக்கொடுத்த ஆரஞ்சு நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்தேன். தலையில் பூசணிக்காய் வைத்த மாதிரி. தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். சலவைக்கடைக்காரர், "அம்மா, துணி எதுவும் இல்லையா?" என்று கேட்டார். "தொப்பி மட்டும்தான்" என்றேன்.

மைலோ ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்ப்பான். நான் தொப்பியைத் தொட்டுக் காட்டுவேன். போவான். மூச்சு விடும் நேரத்தில் மறுபடி வருவான். நாள் போகப்போக இடைவெளி கூடியது. ஒரு தடவை கையில் வர்ணத்தோடு வந்து கண்ணாடி முழுவதும் பச்சையாக அப்பிவிட்டுப் போனான்.

போன வியாழக்கிழமை அவன் வரவில்லை.

ஒன்பது மணிக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது வருவான் என்று நினைத்தேன். கண்ணாடியில் பச்சைக் கை மட்டும் இருந்தது. உடம்பு சரியில்லையோ? அழுகிறானோ? எழுந்து தெருவைக் கடந்து பக்கவாட்டில் நின்று பார்த்தேன். மணல்தொட்டியில் இன்னொரு பையனோடு உட்கார்ந்திருந்தான். இரண்டுபேரும் ஒரு லாரிக்கு மணல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரிக்கு அவன் நம் ஊர்ப் பேச்சில் கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். "தள்ளு மகனே, தள்ளு!" அது நான் அவனிடம் சொல்வது. மற்றவனும் அதையே கத்தினான்.

திரும்பிவந்து உட்கார்ந்தேன். நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன் கிழவா. தொப்பியைக் கழற்றவில்லை. அவன் ஒருதடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்தான் அந்த ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்போது புரிந்தது. பதினோரு வருடமாக எனக்கு மடியிலோ கையிலோ ஒரு குழந்தை இருந்துகொண்டே இருந்தது. அன்றைக்குக் காலையில் இரண்டு கையும் காலி. மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. உன் முதுகு ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் ரூத்திடம், கிறிஸ்துமஸுக்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிடுவேன் என்றேன். அவள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "மைலோ தயாரான்னுதான் உங்ககிட்ட கேட்டேன். உங்களைப் பத்தி ஒருதடவைகூட நான் கேக்கலியே, அயாந்தி" என்றாள்.  "நானும் கேட்டுக்கல" என்றேன். இரண்டுபேரும் அழுதோம். மத்தியானங்களுக்கு ஒரு கல்லூரிப் பெண்ணைத் தேடுகிறார்கள். நான் இருக்கும்போதே அவள் வந்து பழகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். மைலோவிடமும் சொல்லிவிட்டேன். நழுவமாட்டேன். அவனுக்குப் புரிந்ததா தெரியாது. சோபாவுக்கு அடியில் புகுந்து என் பையை எடுத்துவந்து கொடுத்தான். அதுவரை அவன் அப்படிச் செய்ததில்லை. அதற்கு அர்த்தம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். பைக்குள் பிஸ்கட் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ஒருநாள் அவனும் தெருவில் என்னை மறந்துவிடுவான். அதை நான் பார்க்கமாட்டேன். அது எனக்கு ஆறுதலா தண்டனையா என்று ஊருக்கு வந்து யோசித்துக்கொள்கிறேன்.

டிசம்பர் பதினாறு, மத்தியானப் படகு. உனக்கு இன்னும் என்னைத் தெரியுமா? நான் பருத்துவிட்டேன். முடி நரைத்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. கையில் கயிறு எதுவும் கொண்டுவரவில்லை.

அயாந்தி


லோயர் பே
1996 டிசம்பர் 16, காலை

அயாந்தி,

இதைத் தபாலில் போடவில்லை. போட்டால் நீ அங்கே இருக்கமாட்டாய். அதனால் கையிலேயே கொண்டுவருகிறேன். படகிலிருந்து இறங்கியதும் கொடுப்பேன்.

எனக்கு என்னைத் தெரியும். உன்னைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்ளும். பன்னிரண்டு வருடம் டெலிபோனில் கத்திக் கத்திப் பேசியது மழையைப் பற்றித்தான். வேறு பேச்சு மறந்துவிட்டது. எழுத்து மட்டும்தான் இப்போது எனக்கு வருகிறது. அதனால் நீ முதலில் இதைப் படித்துவிடு. அவசரம் இல்லை. நான் எதிரிலேயே நிற்பேன்.

படகுத்துறையில் ஊரே நிற்கும். ஓர்டீலியா முதல் ஆளாக நிற்பாள், நீ தந்த சென்ட்டை மொத்தமாகப் பூசிக்கொண்டு. "அந்தக் கடுதாசியில என்ன இருக்கு?" என்று கேட்பாள். சௌக்கியமாம் என்று சொல்.

பெர்ல் டீச்சர் இந்த ஒருநாள் மட்டும் விடுப்பு தந்திருக்கிறார். வீட்டில் ரொட்டிப்பலா சுட்டு வைத்திருக்கிறேன். மீன் பொரிப்பது பாய்சியின் பொறுப்பு, அதனால் கருகியிருக்கும். நீ பருத்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். பலகையை இன்னொரு தடவை ஆணி அடித்து உறுதியாக்கிவிட்டேன்.

மைலோவைப் பற்றி நீ பேசவேண்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசு. அவனை மறக்கச் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் சேருகிறவனுக்குத்தான் மறக்கிற உரிமை. வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கிடையாது. பாய்சி இன்றைக்கும் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது அந்த மதில்மேல் ஒருதடவை உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறான்.

முடிக்கிறேன். இதற்குமேல் எழுதினால் படகு வந்துவிடும். படித்து முடித்ததும் நிமிர்ந்து பார். கூட்டத்தில் என்னைத் தேடவேண்டாம். பாய்சியின் தொப்பியைக் கடன் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

அத்னீல்